பையனிடம் அல்ல, பெரியவரிடமே கேள்

சேரன்மகாதேவி

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. போனில் நீ சொன்ன விஷயம் இரண்டு வார்த்தையில் பேசித் தீர்வதல்ல. ‘கடைசிக் காலத்தில் எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம்’ என்று ஒரு வாத்தியார் எழுதிக் கொண்டுவந்த தாளை உங்கள் சீனியர் கையில்கூட வாங்காமல், ‘நாளைக்கு கேஸ் ஆயிரும்’ என்று சொல்லிவிட்டாராமே.

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்து டாக்டருக்கு இந்தப் பயம் வரக் காரணம் உண்டு. படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்தே கதையை முடிக்கும் தலைக்கூத்தல் விருதுநகர்ப் பக்கம் நடந்ததைக் கேட்டவர்கள்தானே நாம்? வயலை எழுதி வாங்கிய கையோடு ‘அப்பாவுக்கு இனி ஒண்ணும் செய்ய வேண்டாம்’ என்று வந்து நின்ற பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கெல்லாம் முடிவெடுத்தவர்கள் சுற்றி நின்றவர்கள். இந்தத் தாளில் பேசுவது படுத்திருப்பவர். அதைப் படிக்காமல் ஒதுக்கினால், நீ யாரைக் கண்டு பயந்தாயோ அந்தப் பிள்ளை கையில்தான் முடிவு போய்ச் சேரும்.

சட்டமும் உனக்குத் துணைதான். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இப்படி முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. அப்போது தாளில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததால் சாமானியர் கிட்டே போக முடியவில்லை. 2023 ஜனவரியில் அதை மாற்றினார்கள். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் போதும். தாள் இருக்கிறதென்று நீ தனியாக எதையும் நிறுத்தப் போவதில்லை. உன் ஆஸ்பத்திரி டாக்டர்கள் மூவர் ஒரு குழு, அதன்மேல் இன்னொரு குழு, ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். பிறகு மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். இத்தனை பேர் பார்த்த பிறகு கேஸ் உன் ஒருத்தி தலையில் எப்படி விழும்?

இப்போது நடப்பதைப் பார். ‘சொந்தப் பொறுப்பில் கூட்டிட்டுப் போறோம்’ என்று மகனிடம் கையெழுத்து வாங்குகிறோம். மூச்சோடு வீடு சேர வேண்டுமென்று ஆம்புலன்சில் பேரன் அம்பு பேக்கை அமுக்கிக்கொண்டே வருகிறான். வீட்டில் இறக்கி எல்லாரும் பால் ஊற்றியதும் யாரோ ஒருவர் டியூபை உருவுகிறார். பக்கத்தில் டாக்டர் இல்லை, வலிக்கு மார்ஃபின் இல்லை. நம் கேஸ் ஷீட் மட்டும் சுத்தமாக இருக்கும். என்னைக் கேட்டால், கைகழுவுவது என்பது இதுதான்.

டயாலிசிசுக்கு வருகிறவர், புற்றுநோய்க்காரர், நுரையீரல் கெட்டவர் எல்லாரும் பேசத் தெம்பிருக்கும்போதே உன்னிடம் வருகிறார்கள். பையனை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பிவிட்டு, ‘தாத்தா, உங்களுக்கு எதை நினைச்சா பயமா இருக்கு?’ என்று கேள். சாவைவிடக் கட்டிப் போட்டுக் கிடப்பதைத்தான் நிறையப் பேர் சொல்வார்கள். அவர் சொன்ன வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுது. வென்டிலேட்டர் வேண்டாம் என்றவருக்கு வலிமருந்தும் வாய் துடைப்பதும் வேண்டாம் என்று ஆகிவிடாது. வீட்டுக்கே போய்ப் பார்க்க ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஆட்கள் இருக்கிறார்கள், சொல்லிவிடு.

என் தாளையும் நோட்டரியிடம் கொடுத்து முடித்துவிட்டேன். எனக்குப் பதிலாகப் பேச இரண்டு பேரைக் குறித்திருக்கிறேன், அதில் ஒன்று உன் பேர். அத்தை அழுதால் மனசு மாறிவிடுவாய் என்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடு, வேறு ஆள் பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா