மூடி கழன்ற பிராசசருக்கு மறுபடி மூடி மாட்டுவது எப்படி?

செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வைத்திருக்கும் நம்ம ஆட்களிடம் வெயில் காலம் வந்தாலே ஒரே புகார்தான்: "ஃபேன் கத்துது, மெஷின் ஸ்லோ ஆகுது, சிமுலேஷன் ஓடும்போது தானா ஆஃப் ஆகுது." சேலம், நாமக்கல் பக்கம் ஏப்ரல், மே மதியங்களில் வெயில் 38, 40 டிகிரியைத் தொடும். ஃபேன் இழுக்கிற காற்றே சூடு. கூலருக்கு அடியில் பேஸ்ட் மாற்றியும் சரியாகவில்லை என்றதும், சிலர் பிராசசரின் உலோக மூடியையே கழற்றிவிடுகிறார்கள். கழற்றுவது எப்படி என்று காட்ட நூறு வீடியோ இருக்கு. ஆனால் பிராசசர் பிழைக்குமா போகுமா என்பது திரும்ப மாட்டும்போதுதான் முடிவாகும். இந்தப் பாடம் அதற்காக மட்டும்.

மூடி எதுக்கு?

மேலே பளபளவென்று தெரிவது நிக்கல் பூசிய செம்பு மூடி. பெயர் ஹீட் ஸ்ப்ரெடர். உண்மையான பிராசசர் அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சின்ன சிலிக்கான் சில்லு. அதை 'டை' என்பார்கள். மூடிக்கு மூன்று வேலை.

ஒன்று, சூட்டைப் பரப்புவது. மெல்லிய தகட்டில் தோசை ஊற்றினால் தீ படும் இடம் மட்டும் கருகும். கனமான கல்லில் ஒரே சீராக வேகும். அதே கதைதான்.

இரண்டு, பாதுகாப்பு. 2000-ஐ ஒட்டி வந்த பென்டியம் 3, அத்லான் பிராசசர்கள் பலவற்றில் மூடியே கிடையாது. கூலரைச் சாய்த்து அழுத்தினால் டையின் மூலை உடைந்துவிடும். பிராசசர் அவ்வளவுதான்.

மூன்று, பிடிமானம். இப்போது நம்மிடம் இருக்கும் இன்டெல் சாக்கெட்டின் கிளாம்ப், மூடியின் ஓரத்தைத்தான் அழுத்திப் பிடிக்கும். மூடி இல்லையென்றால் பிராசசரைப் பிடிக்க எதுவும் இல்லை; கூலரும் டையைத் தொடாது. அதனால் "மூடி இல்லாமலே ஓட்டிக்கலாம்" என்ற யோசனையை விட்டுவிடுங்க.

எதிரி யார்? பேஸ்டா, இடைவெளியா?

2011-ல் வந்த இன்டெல் இரண்டாம் தலைமுறையில் டையையும் மூடியையும் சால்டர் பண்ணியிருந்தார்கள். 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் சால்டருக்குப் பதிலாகப் பேஸ்ட். சூடு அதிகம் என்று உலகம் முழுக்கப் பேச்சு. அந்த ஆண்டே ஜப்பானின் பிசி வாட்ச் இதழ் ஒரு 3770கே பிராசசரின் மூடியைத் திறந்து, பேஸ்டை மாற்றி, சூடு குறைவதைக் காட்டியது. "கம்பெனி பேஸ்ட் மட்டம்" என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அது பாதி உண்மைதான். மூடி நிற்பது அதன் ஓரத்தில் இருக்கும் கறுப்பு சிலிகோன் பசையின் மேல். பசை தடித்தால் மூடி தூக்கி நிற்கும். நடுவில் பேஸ்டும் தடிக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வருஷம் படித்த ஃபூரியர் விதிதான்:

வெப்பநிலை வித்தியாசம் = (வாட் × தடிமன்) ÷ (கடத்துதிறன் × பரப்பு)

நான்காம் தலைமுறை ஐ5-4570: 84 வாட். டையின் பரப்பு சுமார் 177 சதுர மில்லிமீட்டர். பேஸ்டின் கடத்துதிறன் 4 என்று வைப்போம்.

இடைவெளி 0.1 மி.மீ. என்றால் வித்தியாசம் கிட்டத்தட்ட 12 டிகிரி.
இடைவெளி 0.03 மி.மீ. என்றால் 3.6 டிகிரி.
0.1 மி.மீ. அப்படியே இருக்க, 8 கடத்துதிறன் உள்ள விலை உயர்ந்த பேஸ்ட் போட்டால் 6 டிகிரி.

பார்த்தீங்களா? காஸ்ட்லி பேஸ்டைவிட, பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டுவது அதிக லாபம். அதற்குக் காசும் ஆகாது. பேஸ்டே இல்லாமல் 0.1 மி.மீ. காற்று மட்டும் இருந்தால்? காற்றின் கடத்துதிறன் 0.026. விடை 1800 டிகிரிக்கு மேல் வரும்! அவ்வளவு சூடு ஏறாது. 100 டிகிரியை நெருங்கும்போதே பிராசசர் வேகத்தைக் குறைக்கும், பிறகு ஆஃப் ஆகிவிடும். நிஜத்தில் டை முழுக்க ஒரே சூடு இருக்காது, அதனால் இது தோராயக் கணக்கு. ஆனால் பாடம் மாறாது.

நாமக்கல், சங்ககிரி லாரி பட்டறைகளில் இந்தப் பாடம் எல்லோருக்கும் தெரியும். என்ஜின் ஹெட்டைத் திரும்ப மாட்டும் மெக்கானிக் முதலில் பழைய கேஸ்கட்டைத் துளி விடாமல் சுரண்டுவார். பிறகு போல்ட்டைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார். நாமும் அதையே செய்யப்போகிறோம்.

வேலையை ஆரம்பிக்கலாம்

1. சுத்தம். பச்சைப் பலகையிலும் மூடியின் ஓரத்திலும் ஒட்டியிருக்கும் கறுப்புப் பசையை பழைய ஏடிஎம் கார்டின் முனையால் தள்ளி எடுங்க. பலகை மேல் பிளேடு வேண்டாம். உள்ளே ஓடும் செம்புக் கோடு அறுந்தால் பிராசசர் போச்சு. டையை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெதுவாகத் துடைங்க. சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும்.

2. திசை. பலகையின் ஒரு மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும். கழற்றும் முன் எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டு, மூடியின் எழுத்து எந்தப் பக்கம் என்று உறுதி பண்ணுங்க.

3. ஒத்திகை. பேஸ்ட், பசை எதுவும் இல்லாமல் மூடியை வைத்துப் பாருங்க. ஆடினாலோ ஒரு மூலை தூக்கினாலோ பசை மிச்சம் இருக்கிறது. முதல் படிக்குத் திரும்புங்க.

4. பேஸ்ட். டையின் மேல் ஓர் அரிசி அளவு. மெல்லிசாக, முழுப் பரப்பும் மூடும்படி தடவுங்க.

5. பசை. ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் சிலிகோன் கேஸ்கட் மேக்கர் போதும். வினிகர் வாடை வரும் வகை வேண்டாம், அந்த அமிலம் செம்பை அரிக்கும். 'நியூட்ரல் க்யூர்' என்று போட்டதை வாங்குங்க. நான்கு மூலையிலும் கடுகளவு போதும். சுற்றி முழுசாக அடைக்காதீங்க. கம்பெனி பசையிலும் காற்று போக ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். ஃபெவிக்விக், எம்சீல் கூடவே கூடாது. அடுத்த முறை கழற்ற முடியாது.

6. அழுத்தம். பிராசசரைச் சாக்கெட்டில் வைத்து, மூடியை விரலால் பிடித்துக்கொண்டே லீவரை இறக்குங்க. பிடிக்காவிட்டால் கிளாம்ப் மூடியை ஒரு பக்கமாக நகர்த்திவிடும். அப்படியே 24 மணி நேரம் விடுங்க. இந்தச் சிலிகோன் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். நம்ம ஊர் வறண்ட கோடையில் அவசரப்படுத்தினால் வேலைக்கு ஆகாது. கூலரையும் குறுக்கு மறுக்காகவே மாட்டுங்க.

லிக்விட் மெட்டல் போடலாமா?

காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த திரவ உலோகம் பேஸ்டைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். ஆனால் மின்சாரத்தையும் கடத்தும். நான்காம் தலைமுறையில் டைக்குப் பக்கத்திலேயே குட்டிக் குட்டிப் பாகங்கள் இருக்கு. ஒரு துளி சிந்தினால் ஷார்ட். அந்தப் பாகங்கள் மேல் நெயில் பாலிஷ் பூசிக் காயவிட்ட பிறகே தொடணும். இன்னொன்று, காலியம் அலுமினியத்தைத் தின்றுவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. பாக்சைட்டில் அலுமினியத்தோடு துளியளவு காலியமும் இருக்கும்; உலகத்துக் காலியத்தில் பெரும்பகுதி அலுமினா ஆலைகளின் உபபொருள்தான். பாறைக்குள் ஒன்றாக இருந்தவை, வெளியே வந்தால் ஒத்துப்போவதில்லை. அலுமினிய அடிப்பாகம் உள்ள கூலரில் இதைப் படவே விடாதீங்க. முதல் தடவை என்றால் சாதாரண பேஸ்டே போதும்.

சரியாக உட்கார்ந்ததா?

வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீங்க. ஏற்காட்டில் 25 டிகிரி அறையில் 65 காட்டும் பிராசசர், சேலத்தில் 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 78 காட்டும். பிராசசர் அதேதான், காற்றுதான் வேற. அதனால் எப்போதும் அறை வெப்பநிலையைக் கழித்து எழுதி வையுங்க. வேலைக்கு முன், பின் இரண்டையும் ஒப்பிடுங்க. ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிடப் பத்து டிகிரிக்கு மேல் கொதித்தால் மூடி சாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக ஒன்று. மூடி இன்னும் கழற்றாதவர்கள் முதலில் தலைமுறையைப் பாருங்க. இரண்டாம் தலைமுறை, 2018-ல் வந்த 9900கே, பெரும்பாலான ரைசன் எல்லாம் சால்டர் பண்ணியவை. நெம்பினால் டையே மூடியோடு பிய்ந்து வரலாம். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், அதில்தான் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இருக்கு என்றால், ஸ்கிராப் கடையில் ஒரு செத்த பிராசசர் வாங்கிக் கை பழகிய பிறகு தொடுங்க.

பயிற்சி: உங்க பிராசசரின் வாட், டையின் பரப்பு இரண்டையும் தேடி, 0.05 மி.மீ. இடைவெளிக்கு வித்தியாசம் எவ்வளவு என்று கணக்கிடுங்க. 5 டிகிரிக்குக் கீழே வந்தால் மூடியைத் தொட வேண்டாம்; கூலரின் தூசியைத் தட்டினாலே போதும்.