எல்விஸ் முதல் 'குகிரான்' வரை

எல்விஸ் பிரெஸ்லியின் ராக் இசை நம் நாட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது? அது வந்த வழியில் ஒரு புதுச்சொல்லும் பிறந்தது.

எல்விஸின் பாட்டில் மயங்கிப் பாட வந்தவர், லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்ட். 1958இல் வெளிவந்த 'மூவ் இட்' அவரைப் பிரிட்டனின் ராக் முன்னோடி ஆக்கியது. 1961இல் 'தி ஷேடோஸ்' குழுவுடன் சிங்கப்பூரில் பாடினார். அக்குழுவில் மூன்று கித்தார், ஒரு டிரம்ஸ். அதே அமைப்பில் மலாய் இளைஞர்கள் பல குழுக்களைத் தொடங்கினர். முதலில் ஆங்கிலப் பாடல்களை அப்படியே பாடியவர்கள், பின்னர் மலாய்மொழியில் சொந்தமாக இயற்றிப் பாடினர். அதுவே 'பாப் யே யே'. துள்ளிசைக் கித்தார்க் குழு எனப் பொருள்படும் 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்' என்பதைச் சுருக்கி, 'குகிரான்' என்று பெயரும் வைத்தனர்.

கம்போங் ராஜாவில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசியப் பள்ளியிலும் படித்தவன் நான். அயல் இசையால் தமிழ் கெடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மொழியைக் கெடுப்பது கித்தார் அன்று. இரவல் பாட்டோடு நின்றுவிடுவதுதான்.

கித்தார் ஏந்தும் தோழர்களே! அடுத்த கலை இரவில் நீங்களே எழுதிய தமிழ்ப்பாட்டு ஒன்றாவது ஒலிக்கட்டும். உங்கள் குழுவின் பெயரும் தமிழில் இருக்கட்டும்.