மாட்டின் விலாவில் அறுவை: மரப்பு ஊசிக்கு வழிகாட்டும் எலும்புகள்

மதுக்கரை வட்டாரத்தில் ஒன்றிரண்டு கறவை மாடுகளை நம்பியே குடும்பம் நடத்தும் சிறு விவசாயிகள் பலர். தீவனத்தோடு கம்பியோ ஆணியோ விழுங்கிய மாட்டுக்கும், கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாட்டுக்கும் விலாவைத் திறந்து அறுவை செய்ய நேரிடலாம். "நிற்கிற மாட்டை அறுத்தால் தாங்குமா?" என்ற அச்சத்தில் நாளைக் கடத்தி மாட்டை இழப்பவர் உண்டு. விழுங்கிய கம்பி இரண்டாம் வயிற்றைத் துளைத்து இதயத்தைக் குத்திவிட்டால், பிறகு காப்பாற்றுவது மிகக் கடினம்.

நிற்க வைத்து அறுப்பது ஏன்?

அசைபோடும் கால்நடையை முழு மயக்கத்தில் படுக்க வைத்தால் வாயு வெளியேறாமல் வயிறு உப்பும். வயிற்றிலுள்ள தீவனம் மேலேறி மூச்சுக்குழலில் புகும் ஆபத்தும் உண்டு. ஆகவே மாட்டை நிற்க வைத்து, அறுக்கும் பக்கத்து விலாவை மட்டும் மரக்கச் செய்வதே பெரும்பாலும் நல்லது.

கையால் தடவி அறியலாம்

மாட்டின் இடப்புறம் நின்று விலா எலும்புகளைப் பின்னோக்கித் தடவுங்கள். கடைசியாக அகப்படுவது 13-வது விலா எலும்பு. அதன் பின்னே உள்ள முக்கோணப் பள்ளமே பசிக்குழி. அதன் பின் எல்லை இடுப்பெலும்பின் முனை. மேல் எல்லையில், முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீளும் தட்டை எலும்புகளின் முனைகள் வரிசையாகத் தட்டுப்படும்.

பசிக்குழிக்கு உணர்ச்சி தருபவை முக்கியமாக மூன்று நரம்புகள்: மார்புப் பகுதியின் 13-வது, இடுப்புப் பகுதியின் 1-வது, 2-வது. இவை பின்னோக்கிச் சாய்ந்து இறங்குகின்றன. எனவே 1, 2, 4-வது தட்டை எலும்புகளின் முனைகளில், மேலும் கீழுமாக மருத்துவர் மருந்து செலுத்துவார். முதல் முனை குட்டை. கைக்கு எளிதில் அகப்படாது. ஆகவே இடுப்பெலும்புக்குச் சற்று முன்னுள்ள 5-வது முனையைத் தொட்டு, அங்கிருந்து முன்னோக்கி எண்ணுவது வழக்கம்.

கொழுத்த மாட்டில் முனைகள் தெரியாவிட்டால் வேறு முறை உண்டு. கடைசி விலாவின் பின் ஓரமாக ஒரு கோடு, தட்டை எலும்புகளின் கீழே ஒரு கோடு என ஊசி போடுவர். இடப்புறமிருந்து பார்த்தால் 'ட' எழுத்தைக் கவிழ்த்தது போலிருக்கும்.

இதற்குப் பயன்படும் மருந்து பெரும்பாலும் லிக்னோகெய்ன். 10 முதல் 15 நிமிடங்களில் இடம் மரத்துவிடும். மருத்துவர் ஊசியால் குத்திப் பார்ப்பார். மாடு தோலைச் சிலிர்த்தால் இன்னும் காத்திருக்க வேண்டும், அவசரப்படுத்தலாகாது.

விவசாயிகள் கவனத்திற்கு

• வழுக்காத தரையில், நிழலில், உறுதியான மரச்சட்டத்தில் மாட்டைக் கட்டவும். விலாவிலுள்ள சாணத்தைக் கழுவவும்.

• சினை, முந்தைய நோய், கொடுத்த மருந்து ஆகியவற்றை மறைக்காமல் கூறவும்.

• முதுகெலும்பை ஒட்டி ஊசி போட்டிருந்தால் சில மாடுகளுக்குப் பின்னங்கால் தள்ளாடலாம். மரப்பு நீங்கும் வரை நடத்திச் செல்லலாகாது.

• மரப்பு மருந்தைக் கடையில் வாங்கித் தாமே போடுதல் கூடாது. அளவு மிஞ்சினால் வலிப்பு கண்டு உயிர் போகும். ஆடுகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

• பசிக்குழியைத் தினமும் பாருங்கள். ஆழ்ந்து குழிந்திருந்தால் மாடு சரியாகத் தின்னவில்லை. புடைத்து இறுகியிருந்தால் வயிற்று உப்புசம். தீவனம் மறுத்து, முதுகை வளைத்து, முனகி நிற்கும் மாடு கம்பி விழுங்கியிருக்கலாம். அன்றே கால்நடை மருந்தகத்தை அணுகவும். அல்லது 1962 என்ற தொலைபேசி எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கவும்.