வயதான பூனைக்கு ஒரு சாய்தளம்

பூனையை எப்படிப் போட்டாலும் காலூன்றித்தான் விழும் என்று சொல்வதுண்டு. இது வெறும் பேச்சு அன்று. 1894-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் எத்தியேன் ழூல் மாரே, தலைகீழாக விடப்பட்ட ஒரு பூனை விழுவதை அடுத்தடுத்துப் படமெடுத்து வெளியிட்டார். உடலின் முன்பாதியையும் பின்பாதியையும் வெவ்வேறாக முறுக்கி, மொத்தக் கோண உந்தம் மாறாமலே பூனை அந்தரத்தில் திரும்பிவிடுகிறது என்பது இப்போது நமக்குத் தெரியும்.

அந்தரத்தில் நடப்பது இருக்கட்டும். தரையைத் தொட்ட பிறகு பூனையின் மூட்டுகளுக்கு என்ன நேர்கிறது? அது பன்னிரண்டு வயதைத் தாண்டிய பூனையாக இருந்தால்? மாணவர்களே, நீங்கள் வகுப்பில் படித்த விசையும் வேலையும் உராய்வும் இந்தக் கேள்விக்கு விடை தரும். அந்த விடையைக் கொண்டு உங்கள் வீட்டு உயிர் ஒன்றின் வலியையும் குறைக்கலாம்.

சோம்பலா, வலியா?

கள்ளக்குறிச்சி வட்டாரம் நெல்லும் மக்காச்சோளமும் விளையும் பூமி. தானிய மூட்டை அடுக்கிய வீட்டில் பூனை ஒரு காவலாள். பல ஆண்டுகள் எலி பிடித்த பூனை ஒரு நாள் மூட்டைமேல் ஏறுவதை நிறுத்திவிடும். "கிழடாகிவிட்டது, சோம்பேறி" என்று வீட்டார் சொல்வார்கள். சிலர் அதைக் கோணிப்பையில் கட்டிக் கொண்டுபோய் வேறு ஊரில் விட்டுவிடுவதும் உண்டு.

ஆனால் அது பெரும்பாலும் சோம்பல் அன்று. அமெரிக்காவில் பன்னிரண்டு வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்தார்கள். அவற்றுள் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம் இருந்தது. இந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது.

நலமான மூட்டில் எலும்பின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இடையில் மூட்டுத் திரவம் மசகு எண்ணெய்போல் இருக்கிறது. குருத்தெலும்பு தேய்ந்தால் மூட்டு வீங்கும், முழுவதும் மடங்காது, மடங்கினால் வலிக்கும். ஆனால் பூனை நாயைப்போல் முனகுவதில்லை. வேட்டையாடும் பிராணியாகிய அது, தன்னைவிடப் பெரிய பிராணிக்கு இரையாகவும் கூடும். ஆகவே வலியை மறைப்பது அதன் இயல்பு. நொண்டுவதுகூட அரிது, தாவுவதை மட்டும் குறைத்துக்கொள்ளும்.

ஒரு சிறு கணக்கு

4 கிலோகிராம் எடையுள்ள இளம்பூனை ஒன்று 1 மீட்டர் உயரச் சுவரிலிருந்து குதிப்பதாகக் கொள்வோம். தரையைத் தொட்ட பின் கால்கள் மடங்கி, உடல் மேலும் 20 செ.மீ. தாழ்ந்து நிற்கிறது என்க. புவியீர்ப்பு 120 செ.மீ. தொலைவுக்குச் செய்த வேலையைக் கால்கள் 20 செ.மீ. தொலைவுக்குள் ஏற்றாக வேண்டும். எனவே கால்கள் தாங்கும் சராசரி விசை பூனையின் எடையைப்போல் 120 ÷ 20 = 6 மடங்கு. அதாவது 24 கிலோகிராம் எடை.

இனிக் கிழப்பூனையைப் பாருங்கள். விறைத்துப்போன கால்கள் 10 செ.மீ. மட்டுமே மடங்குகின்றன என்க. அப்போது விசை 110 ÷ 10 = 11 மடங்கு; 44 கிலோகிராம் எடை! வலிக்கும் மூட்டின்மேல், வலி இல்லாத மூட்டைவிட ஏறக்குறைய இரு மடங்கு விசை விழுகிறது. இது சராசரிதான், கணநேர உச்ச விசை இதைவிட அதிகம்.

இப்போது சுவரின் ஓரத்தில் 50 செ.மீ. உயரத்தில் ஒரு முக்காலியை வையுங்கள். பூனை இரண்டு தவணையாக இறங்கும். ஒவ்வொரு தவணையிலும் விசை 60 ÷ 10 = 6 மடங்கு. இளம்பூனையின் கணக்கே திரும்பி வந்துவிட்டது! பூனையின் இளமையை நாம் மீட்க முடியாது. அதன் மூட்டின்மேல் விழும் விசையை ஒரு முக்காலியால் மீட்கலாம்.

மலைப்பாதையின் பாடம்

ஏறுவதற்கு என்ன வழி? கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் பேருந்தில் சென்றவர்கள் நினைவுகூருங்கள். சாலை நேராக மேலே போவதில்லை. வளைந்து வளைந்து ஏறுகிறது. தொலைவை நீட்டினால் வேண்டிய விசை குறையும். இதுவே சாய்தளத்தின் தத்துவம்.

60 செ.மீ. உயரத் திண்ணைக்கு 180 செ.மீ. நீளப் பலகையைச் சாய்த்து வையுங்கள். 4 கிலோகிராம் பூனை சாய்வின் வழியே கொடுக்க வேண்டிய விசை எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆற்றல் இரண்டு வழியிலும் ஏறக்குறைய 24 ஜூல். ஆனால் தாவும் பூனை அதை 0.2 வினாடியில் செலவிட்டால் திறன் சுமார் 120 வாட். பலகையில் 4 வினாடி நடந்து ஏறினால் 6 வாட் போதும்.

பலகை வழுக்கினால் பூனை அதில் கால் வைக்காது. ஆகவே அதன்மேல் பழைய சாக்கை இழுத்துச் சுற்றி ஆணி அடியுங்கள். ஆணித்தலை வெளியே நீட்டக்கூடாது. பலகை ஆடவும் கூடாது.

தரையும் குளிரும்

வழவழப்பான சிமெண்டுத் தரையிலும் டைல்ஸ் தரையிலும் உராய்வு குறைவு. கால் விலகாமலிருக்கப் பூனை தசைகளை இறுக்க, மூட்டு வலி கூடும். சோற்றுத் தட்டுக்கும் படுக்கைக்கும் இடையே சாக்கு விரித்தால் போதும். தட்டு, தண்ணீர், மலம் கழிக்கும் மண் மூன்றும் படியேறாமல் எட்டும்படி இருக்கட்டும். மண்ணைப் பெட்டியில் வைத்தால் அதன் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும்.

உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். கல்வராயன் மலையின் தாழ்ந்த பகுதியே சராசரியாகச் சுமார் 800 மீட்டர் உயரம். மார்கழி, தை இரவுகளில் மலைக்கிராமத்துப் பூனைக்குச் சமவெளிப் பூனையைவிடக் குளிர் அதிகம். சாக்கினுள் வைக்கோல் திணித்த படுக்கை, அசையாத காற்றைச் சிறைப்படுத்தி உடல் வெப்பத்தைக் காக்கும்.

ஓர் எச்சரிக்கை

வலி என்றதும் வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலக்காதீர்கள். நம் கல்லீரல் இந்த மருந்தைப் பெரும்பாலும் தீங்கற்ற பொருளாக மாற்றிவிடுகிறது. அதற்கான நொதி பூனையிடம் மிகக் குறைவு. எனவே மருந்து நச்சுப்பொருளாக மாறி, இரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுக்கிறது. கெட்ட ஹீமோகுளோபின் உயிர்வளியைச் சுமக்காது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், மூச்சுத் திணறும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று பூனையைக் கொல்லப் போதும். அன்போடு கொடுத்தாலும் நஞ்சு நஞ்சுதான். தவறிக் கொடுத்திருந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பூனைக்கு ஏற்ற வலி மருந்தையும் அளவையும் கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும். சின்னசேலத்தை அடுத்துள்ள தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

நீங்கள் செய்து பாருங்கள்

ஏழு நாட்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்.

1. பூனை தாவி ஏறிய மிக அதிக உயரம் எவ்வளவு? அளவுகோலால் அளந்து எழுதுங்கள்.
2. தாவுமுன் தயங்குகிறதா? குதிக்குமுன் முன்கால்களைச் சுவர்வழியே கீழே நீட்டுகிறதா?
3. முதுகின் பின்பகுதியில் முடி சிக்குப் பிடித்திருக்கிறதா? திரும்பி நக்க முடியாததன் அடையாளம் அது.
4. நகங்கள் நீண்டு வளைந்து பாதத்தில் குத்துகின்றனவா?
5. தொட்டால் சீறுகிறதா? வலிக்கும் இடத்தை நீங்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம்.

பிறகு முக்காலியையும் பலகையையும் வைத்து, மேலும் ஏழு நாட்கள் எழுதுங்கள். இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்; வாயில்லாப் பிராணிக்காக அது பேசும்.

இறுதியாக ஒரு கணக்கு: 5 கிலோகிராம் பூனைக்கு 90 செ.மீ. உயர ஜன்னல்தான் பிடித்த இடம். அதன் கால்கள் 10 செ.மீ. மட்டுமே மடங்கும். குதிக்கும்போது விசை எடையைப்போல் 4 மடங்குக்கு மேல் போகாமலிருக்க, இடையில் எத்தனை படிகள் வைப்பீர்கள்?