கை நீட்டினால் எட்ட வேண்டும்
(மன்னார்க் கரையிலிருந்து ஒரு நூலகப் பாடம்)



இந்த முறை படிப்புப் பகுதியில் நூலகத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "நமக்கு எதுக்குங்க லைப்ரரி? மலை ஏறி இறங்கவே பொழுது சரியா இருக்கு" என்று சிலர் சொல்வது எங்கள் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி இருந்து கேளுங்கள். கடைசியில் சில கேள்விகள் இருக்கின்றன.

1. மன்னாரில் கண்டது

மன்னார் நமக்கு அந்நிய ஊர் அல்ல. நம் பாட்டன் பூட்டன்மாரில் பலர் கடல் தாண்டி வந்து முதலில் கால் வைத்தது அந்தக் கரையில்தான். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பலும், இரு பக்கமும் ரயிலும் இணைந்த பிறகுதான் அந்த நடை குறைந்தது. 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி மாத்தளை வரை நடந்த நடைபயணத்தில் நம் பிள்ளைகளும் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

அதற்குப் பிறகு நாங்கள் சிலர் அந்தப் பக்கம் போயிருந்தோம். கடலோரக் கிராமம் ஒன்றில் சின்ன வாசிகசாலை. உள்ளே நல்ல காற்று, சுத்தமான மேசை, அலுமாரிகளில் புத்தகம். யாரையும் கேட்காமல் நாமே எடுத்துப் பார்க்கலாம். ஆனால் வாசலில் மூன்று படி. படிக்குக் கீழே, வேப்ப மர நிழலில், ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கடல் தொழில் செய்தவர். யுத்த காலத்தில் கண்ணிவெடியில் ஒரு காலை இழந்தவர். பேத்தி உள்ளே போய்ப் பத்திரிகை எடுத்து வந்து கொடுத்தாள்.

"உள்ளுக்கு வாங்க ஐயா, நாங்க பிடிக்கிறோம்" என்றோம்.

"வேண்டாம் தம்பி. ஒவ்வொரு நாளும் ஆர் வந்து பிடிக்கிறது? உள்ளுக்கு என்ன புத்தகம் இருக்கெண்டு எனக்குத் தெரியாது. பிள்ளை கொண்டு வாறதைத்தான் வாசிக்கிறன்" என்றார்.

இந்தப் பாடம் அந்தப் பேச்சிலிருந்துதான் பிறந்தது. புத்தகம் வாசிப்பது வேறு. நம்முடைய புத்தகத்தை நாமே தேடி எடுப்பது வேறு. அவருக்கு முதலாவது கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவில்லை.

2. தானே எடுப்பது எப்படி வந்தது

முன்பெல்லாம் நூலகத்தில் புத்தகம் பூட்டி இருக்கும். நாம் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று துண்டில் எழுதிக் கொடுக்க, ஊழியர் உள்ளே போய் எடுத்து வருவார். பெயர் தெரியாவிட்டால் புத்தகம் இல்லை. கேட்க வெட்கப்பட்டாலும் இல்லை. கர்ப்பப்பை நோயைப் பற்றி அறிய விரும்பும் ஒரு பெண், ஆண் ஊழியர் முன்னால் நின்று அந்தப் புத்தகத்தை எப்படிக் கேட்பாள்?

அலுமாரியைத் திறந்து விட்டபோது இந்தக் கூச்சம் போயிற்று. தமிழர் நடுவே இதற்காக உழைத்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1892இல் சீர்காழியில் பிறந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பொறுப்பேற்றார். 1931இல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தத்தான் என்பதும், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பதும் அவற்றின் சாரம்.

திறந்த அலுமாரியில் நாமே தேட வேண்டுமானால் ஒரு ஒழுங்கு வேண்டும். புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்தான் அந்த ஒழுங்கு. பல நூலகங்களில் இருப்பது 1876இல் அமெரிக்கர் டூயி வெளியிட்ட தசாம்சப் பகுப்பு. 610 என்றால் மருத்துவம். 630 விவசாயம். அதற்குள் 633.72 என்றால் என்ன தெரியுமா? தேயிலை! மன்னார் மீனவருக்கு வேண்டியது 639இல் இருக்கிறது. தமிழ் இலக்கியம் 894.811. நம் தொழிலுக்கும் உலக நூலகங்களில் ஓர் இடம் இருக்கிறது. எண் தெரிந்தால் எந்த ஊர் நூலகத்திலும் நேரே அங்கே போய் நிற்கலாம்.

3. ஆனால் யார் வெளியே நிற்கிறார்கள்?

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. முன்பு எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் இருந்தார். 'நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்றவுடன் அந்த ஆள் போய்விடுகிறார். எட்டுகிறவருக்கு அது சுதந்திரம். எட்டாதவருக்கு இருந்த உதவியும் போயிற்று. ஆகவே தானே எடுக்கும் முறையைக் கொண்டு வருகிறவர்கள், யாருக்கு எட்டவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நடக்க முடியாதவர்: மன்னாரில் சமதரை, ஆனால் சக்கர நாற்காலி மணலில் புதையும். நம் மலையிலோ எங்கே பார்த்தாலும் படிக்கட்டு. மழை நாளில் பாசி வேறு.

கண் பார்வை குறைந்தவர்: முழுதாகப் பார்வை இழந்தவர்கள் மட்டுமல்ல. நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி இல்லாமல் சின்ன எழுத்து தெரியாத நம் அம்மா அப்பாவும் இதில் அடக்கம்.

காது கேளாதவர்: ஸ்டோரில் இயந்திரச் சத்தத்தோடு வருடக்கணக்காக வேலை செய்தவர்களை நினைத்துப் பாருங்கள். 'உதவி வேண்டுமானால் கூப்பிடுங்கள்' என்பது அவர்களுக்குப் போதாது.

எழுத்துக் கூட்டத் தெரியாதவர்: பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதச் சொன்னால் அவர் வாசலோடு திரும்பி விடுவார்.

நேரம் இல்லாதவர்: காலையில் பெரட்டுக்குப் போய், மாலையில் கடைசிக் கொழுந்து நிறுத்து, வீடு வருகிற நேரத்தில் நூலகம் பூட்டி இருக்கும்.

விலாசம் இல்லாதவர்: அங்கத்தவராகச் சேர விலாசமும் பிணைக்கு ஓர் ஆளும் கேட்கும் நூலகங்கள் பல. லயத்துக்குத் தனி இலக்கம் இல்லாமல், கடிதமெல்லாம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும் நமக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

4. அளவு நாடா எடுங்கள்

நல்ல மனது மட்டும் போதாது, அளவும் வேண்டும். உலகில் பல நாடுகள் பின்பற்றும் அளவுகள் இவை:

வாசல் சாய்தளம்: 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். அந்த மன்னார் வாசிகசாலையில் படி ஒன்று 6 அங்குலம் என்று வைத்தால், மூன்று படிக்கு 18 அங்குலம். சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். இடம் இல்லையென்று குட்டையாகக் கட்டினால் அது சறுக்குமரமாகிவிடும். ஆபத்து. ஓரத்தில் கைபிடி வேண்டும். மலையில் மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட வேண்டும்.

கதவு: திறந்தபின் 32 அங்குல அகலம் இருக்க வேண்டும்.

அலுமாரிகளுக்கு இடையில்: 36 அங்குலம். நாற்காலி திரும்ப 5 அடி வட்டம்.

தட்டு: உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டுவது தரையிலிருந்து ஏறத்தாழ 15 அங்குலத்துக்கும் 48 அங்குலத்துக்கும் நடுவில். அதிகம் கேட்கப்படும் புத்தகங்களை இந்த உயரத்துக்குள் வையுங்கள். மேல் தட்டில் யாரும் தொடாத பழைய அறிக்கைகள் இருக்கட்டும்.

மேசை: சக்கர நாற்காலியில் இருப்பவரின் முழங்கால் உள்ளே போக, கீழே 27 அங்குலம் காலியாக வேண்டும்.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் சில நூலகங்களில் இப்போது இயந்திரமே புத்தகத்தைப் பதிந்து கொடுக்கிறது. அதற்கும் இதே கேள்விகள்தான். திரை உட்கார்ந்தவருக்கு எட்டுகிறதா? பார்வையற்றவருக்குப் பேசிச் சொல்கிறதா? தமிழ் தெரிகிறதா? தடுமாறினால் பக்கத்தில் மனிதர் இருக்கிறாரா? சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் பல மாடிக் கட்டடம். ஆனாலும் பிரெயில் பகுதியைத் தரைத் தளத்திலேயே வைத்தார்கள். யோசித்துச் செய்த வேலை அது.

5. சட்டம் நம் பக்கம் இருக்கிறது

இது தருமம் கேட்பதல்ல. இலங்கையில் வலது குறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வசதி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்திக் கட்டளையிட்டது. 2016இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இலங்கை ஏற்று உறுதிசெய்தது. அதே ஆண்டில், பார்வையற்றோருக்காக நூல்களைப் பிரெயிலிலோ ஒலியிலோ மாற்ற வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையிலும் சேர்ந்தது.

நமக்கென்று இன்னொன்றும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் 'தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க முடியாது' என்று சொல்லி வந்தார்கள். 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே வாசிகசாலை கேட்டுப் பிரதேச சபைக்கு மனுக் கொடுக்க இப்போது வழி இருக்கிறது. கொடுக்கும்போது சாய்தளத்தையும் சேர்த்தே கேளுங்கள். கட்டி முடித்த பிறகு இடிப்பதை விட, கட்டும்போதே செய்வது செலவு குறைவு.

6. காசு இல்லாமல் செய்யக்கூடியவை

* அலுமாரிக்குப் பெரிய எழுத்தில் பெயர்ப்பலகை, எழுத்தோடு படமும். தேயிலைக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும், மருத்துவத்துக்கு ஒரு மருந்துப் போத்தல்.
* எழுதத் தெரியாதவருக்கு இலக்கமிட்ட அட்டை. புத்தகம் எடுத்தால் அட்டையை அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகட்டும்.
* புத்தகம் திருப்பிப் போட வாசலில், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பெட்டி. பூட்டிய நேரத்திலும் போடலாம்.
* கிழமையில் இரண்டு நாளாவது மாலை 5 மணிக்குப் பின் திறப்பு.
* வர முடியாதவரிடம் புத்தகம் போகட்டும். 1931இல் தமிழ்நாட்டின் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூலகம் நடத்தினார். நமக்கு ஒரு கூடை போதும். ஆனால் நாமே தெரிந்தெடுத்து ஒன்றைக் கொடுக்காமல், பத்தைக் கொண்டுபோய், அவரையே எடுக்கச் சொல்லுங்கள்.
* கைபேசி தமிழை வாசித்துச் சொல்லும் காலம் இது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் நம் நாட்டுத் தமிழ் நூல்கள் ஏராளம். ஆனால் பக்கத்தைப் படமாகப் பிடித்து வைத்ததைக் கைபேசியால் அப்படியே வாசிக்க முடியாது. அந்த இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டலாம்.

ஒரு விஷயம் மறக்க வேண்டாம். இதையெல்லாம் நாங்களே தீர்மானித்துச் செய்துவிட்டுப் பிறகு அவர்களைக் கூப்பிடுவது சரியல்ல. ஊன்றுகோலோடு நடப்பவரை முதல் நாளே கூட்டி வந்து, "எங்க தடங்குது, சொல்லுங்க" என்று கேளுங்கள். மன்னார்ப் பெரியவரிடம் நாங்கள் கேட்டபோது அவர் சாய்தளத்தை முதலில் சொல்லவில்லை. "வாசலிலை பிடிக்க ஒரு கம்பி இருந்தால் மூண்டு படியும் நானே ஏறுவன்" என்றார். சக்கர நாற்காலிக்காரருக்குச் சாய்தளம்தான் வேண்டும். இவருக்கு முதலில் ஒரு கம்பி. கேட்டதால்தான் தெரிந்தது.

கலந்து பேச:

1. நம் தோட்டத்து வாசிகசாலைக்கோ பாடசாலை நூலகத்துக்கோ வாசலில் எத்தனை படி? அதற்கு எத்தனை அடிச் சாய்தளம் வேண்டும்? அளந்து கணக்குப் போடுங்கள்.
2. உங்கள் லயத்தில் புத்தகம் எடுக்க வர முடியாதவர் யார் யார்? காரணம் கால், கண், காது, எழுத்து, நேரம், விலாசம் – இவற்றில் எது?
3. அவர்களில் ஒருவரிடம் போய், என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டீர்களா? என்ன சொன்னார்?

மூன்றாவது கேள்வியின் பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள். அடுத்த புத்தகப் பட்டியலை அதை வைத்துத்தான் தயாரிக்கப் போகிறோம்.