வினாவின் சொல்லும் கணக்கின் எண்ணும்: மாற்றுத்திறனாளர் கொள்கையாய்வில் தமிழ்த்துறை மாணவர்

திறவுச்சொற்கள்: மாற்றுத்திறனாளர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வினாப்படிவம், வட்டார வழக்கு, மாணவர் ஆய்வு

முன்னுரை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 47(2)ஆம் பிரிவு, பல்கலைக்கழகங்கள் அனைத்தும் இத்துறை சார்ந்த கற்பித்தலையும் ஆய்வையும் வளர்க்க வேண்டும் என்கிறது. நடைமுறையிலோ இது சமூகப்பணி, சிறப்புக் கல்வி, சட்டம் ஆகிய துறைகளின் பொறுப்பாகவே கருதப்படுகிறது. தமிழ்த்துறை மாணவர் இதில் ஈடுபடும்போது, உடற்குறையுள்ள பாத்திரங்களை இலக்கியங்களிலிருந்து தொகுப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். அத்தொகுப்பு வீணன்று. சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்று 28ஆம் பாடலில் எண்வகை எச்சங்களை அடுக்குகிறார். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைகளைச் சொன்னது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. யாரை எண்ணுவது என்பது காலந்தோறும் மாறிவந்திருப்பதை இவை காட்டுகின்றன. எனினும், கொள்கை உருவாகும் இடமாகிய வினாப்படிவத்திலேயே தமிழ் மாணவருக்குரிய பணி காத்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

எண்ணை மாற்றிய வரையறை

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் பார்வைக் குறைபாடுடையோர் ஏறத்தாழ 1.06 கோடி, 2011இல் ஏறத்தாழ 50 லட்சம். செவித்திறன் குறைபாடுடையோரோ 12.6 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 50 லட்சமாயினர். நோயோ மருத்துவமோ இம்மாற்றத்தை விளக்கா. கணக்கெடுப்போருக்கு வழங்கப்பட்ட விளக்கங்களை ஒப்பிட்டால் உண்மை புலப்படும். ஒரு கண்ணில் மட்டும் பார்வையுடையவர் 2001இல் பார்வைக் குறைபாடுடையவராகக் கொள்ளப்பட்டார், 2011இல் கொள்ளப்படவில்லை. செவிக்கருவியின் துணையால் கேட்பவர் 2001இல் விடுபட்டார், 2011இல் சேர்க்கப்பட்டார். இவ்விரண்டே முழுக் காரணம் என்பது மிகை. வகைகளும் ஐந்திலிருந்து எட்டாகப் பெருகின. தமிழ்நாட்டின் மொத்த எண்ணிக்கை இதே இடைவெளியில் 16.42 லட்சத்திலிருந்து 11.80 லட்சமாகக் குறைந்தது. நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பத்தாண்டில் குறை நீங்கப்பெற்றனர் என எவரும் நம்பார். ஆயினும் உதவித்தொகைக்கும் உதவிக்கருவிகளுக்கும் திட்டமிடுவோர் கையில் இருப்பது இந்த எண்தான்.

மொழிபெயர்ப்பில் நேரும் இடர்

ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளியியல் ஆணையத்தின்கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழு இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டது. அதன் ஆறு வினாக்களில் ஊனம், குறைபாடு ஆகிய சொற்களுக்கு இடமில்லை. பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவுகொள்ளல், தற்பேணல், பிறரோடு கருத்துப் பரிமாறல் ஆகியவற்றில் சிரமம் உண்டா என்பதே வினா. சிரமமில்லை, ஓரளவு சிரமம், மிகுந்த சிரமம், அறவே இயலாது என விடைகள் நான்கு. மூன்றாம் விடையிலிருந்தே ஒருவர் கணக்கில் சேர்கிறார்.

ஆகவே, ஓரளவுக்கும் மிகுதிக்கும் இடையிலுள்ள கோடு சொற்பொருள் சார்ந்த கோடு. சிரமம், கஷ்டம், தொந்தரவு ஆகிய மூன்றும் அகராதியில் அருகருகே நிற்பினும் பேச்சுவழக்கில் ஒன்றல்ல. காது மந்தம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் முதியவர், கேட்பதில் சிரமம் உண்டா என வினவினால், வயதானால் அப்படித்தான் என்று கூறி இல்லை என்றே விடையளிக்கக்கூடும். நினைவுகொள்ளலையும் கவனஞ்செலுத்தலையும் மூல வினா ஒன்றாக இணைத்துக் கேட்கிறது. தமிழில் இவை இரு வேறு வினைகள் என்பதால், எதற்கு விடை சொல்வது என விடையளிப்போர் தடுமாறலாம். மாற்றுத்திறனாளி என்ற சொல்லுக்கும் இது பொருந்தும். மதிப்புக்குரிய சொல் அது, வேண்டத்தக்க சொல்லும்கூட. ஆனால் கண்புரையால் மங்கிய பார்வையுடைய மூதாட்டி அச்சொல்லில் தம்மைக் காண்பார் என எதிர்பார்க்க இயலாது. வட்டார வழக்காய்வில் பயிற்சி பெற்ற மாணவரே இவ்விடத்தில் தேவைப்படுகிறார்.

வினவுவோர் யார்

மாணவரை வீடுவீடாக அனுப்பித் தரவு திரட்டச் செய்வதையே பங்கேற்பு என அழைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது கூலியில்லாக் கணக்கெடுப்பேயன்றி ஆய்வன்று. இங்கிலாந்தின் லே கோர்ட் இல்லத்து வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. அங்கு வாழ்ந்த உடற்குறையுடையோர் தங்கள் நிலைமையை ஆராயுமாறு வல்லுநரை வேண்டினர். மில்லர், குவின் ஆகிய இருவர் நிகழ்த்திய அவ்வாய்வு 1972இல் நூலாயிற்று. அது நிறுவனத்தின் பக்கமே சாய்ந்தது என்று அவ்வில்லத்தில் வாழ்ந்த பால் ஹன்ட் கடுமையாக மறுத்தெழுதினார். வினாவை வகுக்கும் உரிமை தம்மிடம் இல்லாதபோது, தாமே அழைத்த ஆய்வும் தமக்கு எதிராகலாம் என அவ்வில்லத்தார் கண்டனர்.

தமிழகக் கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர் பலர் தமிழிலக்கியத்தையே பட்டப்படிப்பாகக் கொள்கின்றனர். வினாவை வகுக்கும் குழுவில் முதலிடம் இவர்களுக்கே உரியது. (அரசாணைகள் வருடிய படங்களாக வெளியாகும்போது திரைவாசிப்பு மென்பொருள் ஊமையாகிவிடுவதை முதலில் உணர்பவரும் இவர்களே.)

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பே 2016ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் வரும் முதற் கணக்கெடுப்பு. முதுகலை மாணவர் ஒருவர் தம் திட்டக்கட்டுரைக்கு அதன் தமிழ் வினாக்களை எடுத்துக்கொள்ளலாம். இரு வட்டாரங்களில் முப்பது பேரிடம் ஒவ்வொரு வினாவையும் படித்துக்காட்டி, அதைத் தம் சொல்லில் திரும்பக் கூறுமாறு கேட்க வேண்டும். விடையைவிட அத்திரும்பக்கூறலே முதன்மைத் தரவு; அதை ஒலிப்பதிவு செய்து, விடையளித்தோருக்கே முதலில் படித்துக்காட்டியபின் கட்டுரையாக்குதல் தகும்.