கத்தரியைக் கொஞ்சம் மூடி வையுங்கள்

போன்சாய் கேள்வி-பதில்

கேள்வி: இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு போன்சாய் கண்காட்சியில் ஹாதார்ன் என்ற முள்மரத்தைப் பார்த்தேன். இரண்டு கை கொள்ளாத அடிமரம், நடுவில் பொந்து, உச்சியில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. அதன் விதையைத் தருவித்து ஏற்காட்டில் வளர்க்கலாமா? இங்கும் குளிர்தானே? – ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: ஏற்காட்டில் குளிர் உண்டு, ஆனால் அந்த மரத்துக்குப் போதாது. ஹாதார்ன் உறக்கத்துக்குப் போகும் மரம். ஆண்டுதோறும் 7 டிகிரிக்குக் கீழே நீண்ட குளிர்காலம் கிடைத்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காகத் துளிர்க்கும், பூக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் ஏற்காட்டில் மார்கழிக் குளிர் நமக்குத்தான் நடுக்கம். ஹாதார்னுக்கு அது இளவேனில். விதை முளைப்பதற்கே பெரும்பாலும் இரண்டு பனிக்காலம் வேண்டும். போதாக்குறைக்கு, வெளிநாட்டு விதையை 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதி பெற்றுத்தான் கொண்டுவர முடியும். பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக்கொண்டு வராதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் பார்த்த அந்த அடிமரம் தொட்டியில் தடித்ததாக இருக்காது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் பொது மேய்ச்சல் நிலங்களை வளைத்துத் தனி வயல்களாக அடைத்தபோது வேலிக்கு நட்டது பெரும்பாலும் ஹாதார்னைத்தான். ஆடுமாடு கடித்தும் வேலிக்காரர் வெட்டியும் உயரம் போகாமல் பல தலைமுறை நின்று பருத்தவை அவை. அப்படிப்பட்ட மரங்களை உரிமையாளர் அனுமதியோடு தோண்டி எடுத்து, மீதி ஆயுளைத் தொட்டியில் கழிக்க வைக்கிறார்கள். விதையில் தொடங்கினால் அந்தப் பருமனைப் பேரப்பிள்ளைகள்தான் பார்ப்பார்கள்.

சேர்வராயன் மலையில் அதற்குப் பங்காளி முறையான மரம் ஒன்று இருக்கிறது: நம் நாட்டுப் பேரி. இரண்டும் ரோஜாக் குடும்பம், உறவு எவ்வளவு நெருக்கமென்றால் ஐரோப்பாவில் ஹாதார்ன் வேர்ச்செடியில் பேரியை ஒட்டுக்கட்டியிருக்கிறார்கள். பேரியும் வெள்ளையாகக் கொத்தாகப் பூக்கும், வயதானால் பட்டை வெடித்துச் செதில் செதிலாகும், குறைந்த குளிரிலேயே இலை உதிர்க்கும். பழைய தோட்டங்களில் வயதான பேரி மரங்களை எடுக்கும்போது அடிமரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்தில் பழைய பேரி மரங்களை எடுத்தபோது ஒரு அடிமரத்தை வேரோடு தோண்டித் தொட்டியில் வைத்தார் என் மாமனார். 18 வருஷம் ஆகிறது. அடி நன்றாக ஒரு சாண் அகலம். அவர் காலத்துக்குப் பிறகு நான்தான் வாரம் தவறாமல் நுனி கிள்ளி, கத்தரித்து, உருவம் கெடாமல் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் பச்சைப் பந்து மாதிரி இருக்கிறதே தவிர மரம் மாதிரி இல்லை. இத்தனை வருஷத்தில் முன்னேற்றமே தெரியவில்லை. படங்கள் இணைத்திருக்கிறேன். – ஒரு வாசகி, நாகலூர்

பதில்: முதல் வேலை, கத்தரியை மூடி வைப்பது.

நீங்கள் அனுப்பியவற்றில் தை மாதம் இலையில்லாமல் எடுத்த படம்தான் விஷயத்தைச் சொன்னது. அடிமரம் அருமை. வேர்கள் மூன்று பக்கம் மண்ணைப் பிடித்திருக்கின்றன. அதற்கு மேலேதான் கோளாறு. மரத்தை வெட்டிய இடத்தில், வெட்டு வாயைச் சுற்றி ஒரே உயரத்தில் ஐந்து கிளைகள். வெட்டிய பேரியில் கிளம்பும் நீர்ப்போத்துகள் அப்படித்தான் கும்பலாக வரும். முதல் இரண்டு வருஷத்திலேயே கழித்திருக்க வேண்டும். கழிக்காததால் ஐந்தும் ஏறக்குறைய சம பருமனாகி, கிளம்பும் இடம் கழலை போல வீங்கிவிட்டது. ஐந்தும் வளைவில்லாமல் நேராக ஓடி, நுனியில் மட்டும் குச்சிகளைச் சுமக்கின்றன. உள்ளே வெறுமை.

வாரா வாரம் கிள்ளியதால்தான் இப்படி நின்றுபோனது. ஒரு கிளை பருக்க வேண்டுமென்றால் அதன் நுனியில் இலைகள் ஓடி வளர வேண்டும், அந்த இலைகள் சமைத்து அனுப்புவதில்தான் கிளை தடிக்கும். நுனியை ஓடவே விடாமல் கிள்ளினால் கிளையும் பருக்காது, வேரும் சோரும். வெளியே இலைக்கூரை அடர்ந்துவிடுவதால் உள்மொட்டுக்கு வெயில் கிடைக்காமல் அது கருகும். நுனி கிள்ளுவது கடைசிக் கட்ட வேலை. உங்கள் மரம் இன்னும் இரண்டாம் கட்டத்திலேயே இருக்கிறது.

வருகிற தையில் கிளையைத் தொடாதீர்கள், வேரைப் பாருங்கள். மொட்டு வீங்கத் தொடங்கும் நாட்களில் மரத்தைத் தொட்டியிலிருந்து எடுங்கள். தோட்டத்துச் செம்மண்ணிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. தரையில் அது தங்கம். ஆழமில்லாத தொட்டியிலோ ஆடி மழைக்குக் களியாகி, வேருக்குக் காற்றில்லாமல் செய்துவிடும். உடைத்துச் சலித்த செங்கல் ஜல்லி, 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவில், பாதி. கழுவிய பருமணல் கால். மட்கிய இலை கால். தூளை இரக்கமில்லாமல் சலித்துக் கொட்டுங்கள். பழைய மண்ணை ஒரே தடவையில் முழுக்க உதிர்க்காமல் இந்த முறை பாதிப் பக்கம், அடுத்த தொட்டி மாற்றத்தில் மறுபாதி. கீழ்நோக்கி இறங்கும் தடித்த வேர்களை வெட்டி, பக்கவாட்டு வேர்களை வைத்துக்கொள்ளுங்கள். மரம் ஆடாமல் தொட்டியோடு கம்பியால் கட்டுவது முக்கியம். ஏற்காட்டுக் காற்றில் ஆடும் மரத்தில் புது வேர் பிடிக்காது. அந்த ஆண்டு முழுவதும் மரம் இஷ்டத்துக்கு வளரட்டும். மாதம் ஒரு முறை கடலைப் புண்ணாக்கும் வேப்பம்புண்ணாக்கும் ஊறவைத்த தெளிநீர் போதும்.

மறு ஆண்டு தையில்தான் ரம்பம். ஐந்தில் மூன்று போக வேண்டும். பின்பக்கம் சாய்ந்திருக்கும் மெல்லிய கிளை உச்சியாகட்டும். அடிமரத்திலிருந்து உச்சி வரை பருமன் படிப்படியாகக் குறைகிற பாவனை அதில்தான் கிடைக்கும். இடப்பக்கக் கிளை முதல் கிளையாகட்டும். வைத்துக்கொள்ளும் இரண்டையும் மூன்று விரல் நீளத்துக்குக் குறைத்துவிடுங்கள். வெட்டி முடித்ததும் மரம் பார்க்கச் சகிக்காது. மாமனார் வளர்த்ததாயிற்றே என்று கை நடுங்கும். அவர் தோண்டி எடுத்துக் காப்பாற்றியது அடிமரத்தை. ஐந்து நீர்ப்போத்துகள் தாமாக வந்தவை. பேரி பழைய மரத்திலிருந்தும் தாராளமாகத் துளிர்க்கும் சாதி, அதனால் துணிந்து வெட்டலாம்.

மாசி, பங்குனியில் வெட்டிய இடமெல்லாம் தளிர் கிளம்பும். வேண்டாத இடத்தில் வருவதைச் சிறிதாக இருக்கும்போதே கையால் ஒடித்துவிட்டு, வேண்டியதை முழங்கை நீளம் வரை ஓட விடுங்கள். பச்சையாக இருக்கும்போதே அலுமினிய ஒயர் சுற்றி வளைவு கொடுக்க வேண்டும். பேரிக் கிளை முற்றிவிட்டால் வளையாது, ஒடியும். மழை மாதங்களில் கிளை சீக்கிரம் பருத்து ஒயர் பட்டையில் பதிந்துவிடும், ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்து, பதியும் முன்பே அறுத்து எடுங்கள். சுற்றிக் கழற்ற வேண்டாம்.

வைகாசியில் இலை முற்றியதும் ஒரு கவாத்து: ஓடிய கிளைகளை இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். கடைசிக் கணு பக்கவாட்டைப் பார்த்ததாக இருக்கட்டும். மேலே பார்த்த மொட்டு மறுபடி நீர்ப்போத்தாகிவிடும். தென்மேற்குப் பருவமழையோடு இரண்டாவது துளிர்ப்பு வரும், அதையும் ஓட விடுங்கள். புரட்டாசிக்குப் பிறகு கத்தரி வேண்டாம், கிளை முற்றட்டும். தையில் இலை உதிர்ந்த பின் மறுபடி கணக்குப் பார்த்து வெட்டலாம். ஜெர்மனியில் வாழும் வால்டர் பால் என்ற போன்சாய் கலைஞர் இலையுதிர் மரங்களுக்குப் பரப்பிய முறையும் ஏறக்குறைய இதுதான்: நன்றாக வளர விடு, வேலியை வெட்டுவது போல ஒரே முறை வெட்டு, மறுபடி வளர விடு. தினம் தினம் கிள்ளுகிற பழைய முறையை அவர் கிண்டல் செய்வார். எனக்கும் உடன்பாடுதான்.

ஒவ்வொரு வெட்டிலும் ஒரு நுனி இரண்டாகும். ஐந்து முறை ஒழுங்காக வெட்டினால் ஒன்று 32 ஆகிவிடும். எண்ணிக்கை எளிது, அளவுதான் கஷ்டம். அடுத்தடுத்த துண்டு முந்தையதைவிட மெல்லியதாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். முதல் துண்டு இன்னும் பருக்க வேண்டுமென்றால் அதன் அடியில் ஒரு தளிரை வெட்டாமல் ஒரு வருஷம் ஓட விட்டு, வேலை முடிந்ததும் அறுத்துவிடுங்கள்.

எத்தனை ஆண்டு ஆகும்? கிளைகளை மறுபடி கட்ட ஐந்தாறு, நுண்குச்சி சேர இன்னும் மூன்று நான்கு. ஏறக்குறைய பத்து ஆண்டு. அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நீங்கள் இப்போது செய்கிற நுனி கிள்ளலுக்கு இடம். அப்போது உரத்தையும் குறைத்து, முதல் துளிர் முற்றிய பிறகே கொடுக்க வேண்டும். கணுவுக்குக் கணு இடைவெளி நெருங்கும், இலையும் சிறுக்கும்.

கேள்வி: என் பழைய மரத்தில் பெரிய வெட்டுக்காயம் மூடவில்லை. மழையில் மெத்தென்று ஆகிறது. சிமென்ட் வைத்து அடைக்கலாமா? – ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம். சிமென்டுக்கும் மரத்துக்கும் நடுவே தண்ணீர் தேங்கி உள்ளே இன்னும் வேகமாக அழுகும். மெத்தென்ற பகுதியைக் கெட்டி மரம் தட்டுப்படும் வரை சுரண்டி எடுத்து, தண்ணீர் வடிய முன்பக்கக் கீழ் ஓரத்தில் ஒரு வழி வெட்டுங்கள். வெயில் நாளில் நன்றாக உலர்ந்த பிறகு சுண்ணாம்பு-கந்தகக் கரைசல் பூசுங்கள், வேரில் சொட்டாமல் மண்ணை மூடிக்கொண்டு. பளீர் வெள்ளை இலையுதிர் மரத்துக்குப் பொருந்தாது, கரைசலில் துளி கறுப்பு மை சேர்த்தால் சாம்பலாகும். நீங்கள் ஊனம் என்று நினைக்கிற பொந்தைத்தான் மேலே ஒரு வாசகர் இங்கிலாந்தில் பார்த்து மயங்கி வந்திருக்கிறார்.

பனிமூட்ட மாதங்களில் இலையில் கரும்புள்ளி வந்தால், காபிச் செடிக்கு அடிக்கும் அதே ஒரு சதவீத போர்டோ கலவை போதும். அதைச் சுண்ணாம்பு-கந்தகத்தோடு கலந்து அடிக்க வேண்டாம்.

கேள்வி: பேரி போன்சாயில் காய் விடலாமா? – ஒரு மாணவி, ஏற்காடு

பதில்: இரண்டு மூன்று, அதுவும் முதிர்ந்த மரத்தில். இலை சிறுத்தாலும் காய் சிறுக்காது. ஹாதார்னின் சிறிய சிவப்புக் காய் குட்டி மரத்துக்கு எடுப்பாக இருக்கும், முழுப் பேரிக்காய் அப்படி இருக்காது. கிளை கட்டும் ஆண்டுகளில் பூவைப் பார்த்துவிட்டு, பிஞ்சைக் கிள்ளிவிடுங்கள்.

கேள்வி: மலைப்பாதை ஓரத்துக் காட்டில் முறுக்கேறிய களா மரங்கள் நிற்கின்றன. ஒன்றைத் தோண்டிக்கொள்ளலாமா? நான் சேலத்தில் கீழே இருக்கிறேன். – ஒரு வாசகர், சேலம்

பதில்: கூடாது. காப்புக்காட்டில் ஒரு செடியைத் தோண்டுவதும் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சந்தன மரத் திருட்டால் இந்த மலையில் வனத்துறைக்கு ஏற்கெனவே கண் கூர்மை. கடப்பாரையோடு நிற்பவரிடம் போன்சாய் என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பட்டா நிலத்திலும் மலைப்பகுதியென்றால் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

ஆனால் உங்கள் தேர்வு சரி. சேலத்து வெயிலில் பேரி தவிக்கும், களா தாங்கும். முள், வெள்ளைப் பூ, சிறு பழம் என்று ஹாதார்னின் குணமெல்லாம் அதில் இருக்கிறது, உறவு மட்டும் இல்லை: களா அரளிக் குடும்பம், வெட்டினால் பால் வடியும். வேலியோரக் களாவைக் கழிக்கும் விவசாயிகளிடம் கேட்டால் வயதான அடிமரம் கிடைக்கும். கோடை மழை தொடங்கிய பிறகு தோண்டுங்கள். சமவெளி மரங்கள் தொட்டியில் எப்படி முதிர்கின்றன என்று பார்க்க, மைசூரு கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தின் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள்.

கேள்வி அனுப்புவோருக்கு: மரத்தின் படத்தை இலை உதிர்ந்த நிலையில், வெற்றுச் சுவரின் முன் வைத்து, கேமராவை அடிமரத்தின் உயரத்துக்கு இறக்கி, நாலு பக்கமும் எடுத்து அனுப்புங்கள். தொட்டி மாற்றிய ஆண்டையும் எழுதுங்கள். பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டியதில்லை, ஒரு தீப்பெட்டியை வைத்தால் அளவு தெரியும்.